புல்லியைச் சிறிதாக்கினால் பவர் எவ்வளவு கூடும்? சூப்பர்சார்ஜர் கணக்கும் பெங்களூர் உயரமும்

பெங்களூரின் செகண்ட் ஹேண்ட் சொகுசு கார் சந்தையில் ஜாகுவார் எஃப்-டைப், ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட் 5.0, பழைய தலைமுறை ஆடி 3.0 டிஎஃப்எஸ்ஐ, மெர்சிடிஸ் சி200 கம்ப்ரஸர் எல்லாம் எட்டும் விலைக்கு வந்துவிட்டன. கூடவே ஒரு கேள்வியும் வந்திருக்கிறது: "சூப்பர்சார்ஜர் புல்லியை (பெல்ட் சுற்றும் சக்கரத்தை) மட்டும் மாற்றினால் போதுமாமே, 40, 50 எச்பி கூடுமாமே?" பவர் கூடும் என்பது உண்மை. "மட்டும்", "போதும்" என்ற இரண்டு சொற்கள்தான் எஞ்சினைக் காவு வாங்குகின்றன. பெங்களூரில் மாதக்கணக்கில் சிக்கலில்லாமல் ஓடிய வண்டி, சென்னைக்கு இறங்கிய அன்றே பிஸ்டனை உடைத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. ஏன் அப்படி என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

சூப்பர்சார்ஜர் என்ன செய்கிறது?

அது ஒரு காற்று பம்ப். எஞ்சினின் கிராங்க் புல்லியிலிருந்து ஒரு பெல்ட் அதைச் சுழற்றுகிறது. ரூட்ஸ் வகையில் இரண்டு ரோட்டர்கள் எதிரெதிராகச் சுழன்று, ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு காற்றை இன்டேக் மேனிஃபோல்டுக்குள் (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்த் தொகுதிக்குள்) தள்ளுகின்றன. அந்த அளவு பம்பின் பெயரிலேயே இருக்கும். ஈட்டன் ஆர்1320 என்றால் சுற்றுக்கு 1.32 லிட்டர், ஆடி 3.0-வில் இருப்பது இதுதான். ஜாகுவார், ரேஞ்ச் ரோவர் 5.0 வி8-இல் இருப்பது ஆர்1900, அதாவது 1.9 லிட்டர். பழைய மினி கூப்பர் எஸ்-இல் உள்ள எம்45-இன் 45 என்பது கன அங்குலக் கணக்கு, சுமார் 0.74 லிட்டர்.

டர்போவை ஓட்டுவது எக்ஸாஸ்ட் வாயு. எஞ்சினை ஆளும் கணினியான ஈசியூ விரும்பினால் டர்போவின் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். சூப்பர்சார்ஜருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. கிராங்க் எத்தனை சுற்று சுற்றுகிறதோ, அதற்கு ஒரே விகிதத்தில் அதுவும் சுற்றும். அந்த விகிதத்தை நிர்ணயிப்பது இரண்டு புல்லிகளின் விட்டம்.

(ஆடி வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிந்தைய மாடல்களில் அதே 3.0 டிஎஃப்எஸ்ஐ பெயரில் டர்போ எஞ்சின் வருகிறது. புல்லி பேச்செல்லாம் பழைய சூப்பர்சார்ஜர் எஞ்சினுக்கு மட்டும்தான்.)

விகிதக் கணக்கு

எண்கள் எளிதாக இருக்க ஓர் உதாரண வண்டி: 3.0 லிட்டர் எஞ்சின், ஆர்1320 பம்ப், கிராங்க் புல்லி 150 மி.மீ., சூப்பர்சார்ஜர் புல்லி 75 மி.மீ.

1. விகிதம் 150 ÷ 75 = 2.0. எஞ்சின் 6,500 ஆர்பிஎம்மில் ஓடும்போது பம்ப் 13,000 ஆர்பிஎம்மில் சுற்றும்.

2. புல்லியை 68 மி.மீ. ஆக்கினால் விகிதம் 2.206. பம்ப் வேகம் சுமார் 14,340.

3. எஞ்சின் கிராங்கின் ஒரு சுற்றுக்கு 1.5 லிட்டர் காற்று உறிஞ்சும். பம்ப் முன்பு தள்ளியது 2.64 லிட்டர், இப்போது 2.91 லிட்டர். அழுத்த விகிதம் 1.76-லிருந்து 1.94 ஆகிறது.

ரோட்டர் இடைவெளிக் கசிவு, இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) தரும் குளிர்ச்சி எல்லாம் சேர்ந்தால் நிஜ எண்கள் சற்று இறங்கும். ஒப்பிடுவதற்கு இந்தக் கணக்கு போதும்.

இங்கே இரண்டு குழப்பங்கள் வழக்கமாக வரும். முதலாவது, கடைக்காரர் சொல்லும் "15 சதவீதப் புல்லி". அது விட்டம் 15 சதவீதம் குறைவு என்ற பொருளில் சொல்லப்படுவது. விட்டம் 15 சதவீதம் குறைந்தால் வேகம் 17.6 சதவீதம் ஏறும். இரண்டாவது, பூஸ்ட் மீட்டர். அது வெளிக்காற்றுக்கு மேலுள்ள அழுத்தத்தை மட்டும் காட்டும். கடல் மட்டத்தில் நம் உதாரண வண்டியின் மீட்டர் 0.77 பாரிலிருந்து 0.95 பாருக்கு ஏறும். "பூஸ்ட் 23 சதவீதம் கூடிவிட்டது, பவரும் அப்படியே கூடும்" என்று நினைத்தால் ஏமாற்றம்தான். எஞ்சினுக்குள் கூடுதலாகப் போன காற்று 10 சதவீதம் மட்டுமே.

மையவிலக்கு வகை சூப்பர்சார்ஜர் என்றால் கணக்கு வேறு. அதில் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 10 சதவீத வேகத்துக்கு 21 சதவீத அழுத்தம். தனியாக கிட் வாங்கிப் பொருத்திய வண்டிகளில்தான் அது பெரும்பாலும் இருக்கும்.

கூடிய காற்றுக்கு எஞ்சின் கொடுக்கும் விலை

காற்றை அழுத்தினால் சூடாகும். 60 சதவீதத் திறனுள்ள ரூட்ஸ் பம்ப், 30 டிகிரி காற்றை 1.76 மடங்கு அழுத்தினால் வெளியே வரும் காற்று சுமார் 119 டிகிரி. 1.94 மடங்கு என்றால் 135 டிகிரி. இது இன்டர்கூலருக்கு முன்னால். அந்தக் கூடுதல் 16 டிகிரியையும் இன்டர்கூலர் உறிஞ்சியாக வேண்டும். இல்லையென்றால் காற்று விரிந்து, கிடைத்த 10 சதவீதத்தில் பாதி போய்விடும்.

பம்பைச் சுற்ற எஞ்சினே சக்தி கொடுக்க வேண்டும். பெங்களூர்க் காற்றின் அடர்த்தியை வைத்துப் பார்த்தால், 6,500 ஆர்பிஎம்மில் பழைய புல்லியோடு பம்ப் தின்பது ஏறத்தாழ 35 எச்பி. புதிய புல்லியோடு 45 எச்பி. காற்று 10 சதவீதம் கூட, பெல்ட்டின் மீதுள்ள சுமை 30 சதவீதம் கூடுகிறது. புல்லி மாற்றிய வண்டிகளில் பெல்ட் வழுக்குவதன் மூலகாரணம் இந்த எண்தான்.

ஒவ்வொரு பம்புக்கும் தயாரிப்பாளர் வைத்த வேக உச்சவரம்பு உண்டு. அதை எட்டும் முன்பே பம்பின் திறன் சரியத் தொடங்கும். அதற்கு மேல் புல்லியைச் சிறிதாக்குவது காற்றைச் சூடாக்க மட்டுமே பயன்படும். உங்கள் பம்பின் உச்சவரம்பைத் தெரிந்துகொண்டு, எஞ்சினின் உச்ச வேகமான ரெட்லைனை விகிதத்தால் பெருக்கிப் பார்க்காமல் புல்லி ஆர்டர் செய்யாதீர்கள்.

920 மீட்டர் உயரம் மறைக்கும் ஆபத்து

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 0.91 பார், சென்னையில் 1.01 பார். டர்போ வண்டி இதைச் சமாளித்துக்கொள்ளும். ஈசியூ டர்போவை இன்னும் வேகமாகச் சுற்றவிட்டு இலக்கு அழுத்தத்தை எட்டும். சூப்பர்சார்ஜர் உள்ளே வரும் அழுத்தத்தை அதே விகிதத்தால் பெருக்கும், அவ்வளவுதான். மேனிஃபோல்டில் கிடைக்கும் முழு அழுத்தம் இப்படி இருக்கும்:

- பெங்களூர், பழைய புல்லி: 0.91 × 1.76 = 1.60 பார்
- சென்னை, பழைய புல்லி: 1.01 × 1.76 = 1.78 பார்
- பெங்களூர், புதிய புல்லி: 0.91 × 1.94 = 1.77 பார்
- சென்னை, புதிய புல்லி: 1.01 × 1.94 = 1.96 பார்

இரண்டாவது வரியையும் மூன்றாவது வரியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெங்களூரில் 10 சதவீத வேகம் கூட்டும் புல்லி, கம்பெனி சென்னையில் கொடுத்த அழுத்தத்தைத்தான் இங்கே திருப்பித் தருகிறது. பலர் டியூனிங்கே செய்யாமல் புல்லியை மாற்றிவிட்டு "ஒன்றும் ஆகவில்லை, நன்றாகத்தான் ஓடுகிறது" என்று சொல்வதன் ரகசியம் இதுதான். உயரம் அவர்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

அதே வண்டி ஓசூர் தாண்டி, கிருஷ்ணகிரி இறங்கி, ஆம்பூர், வேலூர் வழியாகச் சென்னை போகும்போது அந்தக் காப்பு மீட்டர் மீட்டராகக் கழன்றுபோகிறது. அழுத்தம் 1.96 பாரை எட்டும். மே மாதம் வேலூர்ப் பக்கம் வெளிக்காற்றே 40 டிகிரி. பம்பிலிருந்து வருவது 149 டிகிரி. அழுத்தமும் வெப்பமும் ஒன்றாக ஏறும்போது, ஸ்பார்க் பற்றவைத்த தீ வந்து சேரும் முன்பே மிச்சமிருக்கும் பெட்ரோல் கலவை தானாக வெடிக்கும். அதைத்தான் நாக்கிங் என்கிறோம். நாக் சென்சர் ஓரளவுக்கு இக்னிஷனை, அதாவது ஸ்பார்க் விழும் நேரத்தை, பின்தள்ளிக் காக்கும். அதன் எல்லையைத் தாண்டினால் பிஸ்டன் ரிங் இருக்கும் மேல் விளிம்பு முதலில் உடையும்.

பெங்களூர் டைனோவில் (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டிப் பவரை அளக்கும் கருவி) கவனமாக டியூன் செய்த வண்டிக்கும் இது பொருந்தும். ஈசியூ மேப்பில் (எந்த அழுத்தத்துக்கு எவ்வளவு பெட்ரோல், எப்போது ஸ்பார்க் என்ற அட்டவணை) 1.77 பாருக்கு மேலுள்ள கட்டங்களை டைனோவில் யாரும் தொட்டிருக்கவே முடியாது, அந்த அழுத்தம் இங்கே வராது. அவற்றில் இருப்பது டியூனரின் ஊகம் அல்லது கம்பெனி போட்ட பழைய எண். இன்னொன்றும் உண்டு: மேனிஃபோல்ட் பிரஷர் சென்சரின் உச்ச அளவு 2 பார் என்றால், சமவெளியில் விளிம்பில் நிற்கிறீர்கள். அதைத் தாண்டினால் ஈசியூவுக்கு உண்மையான அழுத்தம் தெரியாது. பெட்ரோலைக் குறைத்துக் கணக்கிடும்.

பெட்ரோல்

கூடிய காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போக வேண்டும். முழு த்ராட்டிலில் லாம்டா (காற்று-பெட்ரோல் கலவை அளவு; 1 என்றால் சரிசமம், குறைந்தால் பெட்ரோல் அதிகம்) 0.80 முதல் 0.85 வரை இருப்பது பாதுகாப்பு. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் 85 சதவீதத்தைத் தாண்டினால் பெரிய இன்ஜெக்டர் வேண்டும். நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் ஹை பிரஷர் பம்பின் ரெயில் அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்றைய பங்க் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் நாக்கிங்கைத் தாங்கும், எரியறையையும் குளிர்விக்கும். அந்த வகையில் நல்லது. ஆனால் அதே காற்றுக்குச் சுத்தப் பெட்ரோலைவிட சுமார் 9 சதவீதம் கூடுதல் எரிபொருள் கேட்கும். அதாவது, புல்லி மாற்றும் முன்பே இன்ஜெக்டரில் மிச்சமிருந்த இடத்தில் கொஞ்சத்தை எத்தனால் எடுத்துக்கொண்டுவிட்டது. சில வருடங்களுக்கு முன் வெளிநாட்டில் எழுதப்பட்ட மேப்பை வாங்கி அப்படியே ஏற்றுவதில் உள்ள சிக்கல் இது.

எக்ஸ்பி100 போன்ற 100 ஆக்டேன் பெட்ரோல் 2020 இறுதியிலிருந்து கிடைக்கிறது, ஆனால் நகரத்தில் சில பங்க்குகளில்தான். அதை நம்பி மேப் போட்டால், ஊருக்குப் போகும் வழியில் டேங்க் காலியாகும் இடத்தில் அது கிடைக்காது. நெடுஞ்சாலை பங்க்கில் எது நிச்சயம் கிடைக்குமோ அதற்குத்தான் மேப் போட வேண்டும். 100 ஆக்டேன் மேப்பைத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

ஸ்பார்க் பிளக்கில் ஒரு படி குளிர்ந்த வகை, இடைவெளி 0.1 மி.மீ. குறைவு. அழுத்தம் கூடினால் அகலமான இடைவெளியில் ஸ்பார்க் அணைந்து மிஸ்ஃபயர் வரும்.

புல்லியைக் கழற்றுவதும் ஏற்றுவதும்

பெரும்பாலான ஈட்டன் பம்புகளில் புல்லி ஷாஃப்டின் மேல் இறுக்கமாக அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். போல்ட் கிடையாது. தவறுகள் நடப்பது இங்கேதான்.

1. எஞ்சின் முழுதாக ஆறட்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். பெல்ட் போகும் பாதையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

2. புல்லியின் முன்முகத்துக்கும் ஷாஃப்ட் நுனிக்கும் உள்ள தூரத்தை வெர்னியரில் அளந்து எழுதி வையுங்கள். கழற்றிய பிறகு இந்த அளவைத் திரும்ப எடுக்க வழியே இல்லை.

3. அந்தப் பம்புக்கென்று செய்த புல்லரால் மட்டும் இழுங்கள். சுத்தியலால் தட்டுவது, பின்னால் ஸ்க்ரூடிரைவர் கொடுத்து நெம்புவது இரண்டும் கூடவே கூடாது. ரோட்டர்களுக்கு இடையே ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்குதான் இடைவெளி. ஷாஃப்ட் அச்சில் அடி விழுந்தால் ரோட்டர் உரசத் தொடங்கும். அப்புறம் மாற்ற வேண்டியது புல்லியை அல்ல, பம்பை.

4. புல்லி வெளியே வந்ததும் ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். கரகரப்பு இருந்தால் முன் பேரிங் தேய்ந்திருக்கிறது. இருபுறமும் லேசாக அசைக்கும்போது 'டக் டக்' என்றால் உள்ளே ஷாஃப்டை ரோட்டரோடு இணைக்கும் கப்ளர் போய்விட்டது. ஜாகுவார், லேண்ட் ரோவர் 5.0-வில் இது அடிக்கடி காணும் நோய். ஷாஃப்ட் அடியில் எண்ணெய்க் கசிவு இருந்தால் சீல். இவற்றைச் சரிசெய்யாமல் சிறிய புல்லி போடவே கூடாது.

5. பம்புக்குத் தனி எண்ணெய் உண்டு. மொத்தமே ஒரு டீ கிளாஸ் அளவுதான். "ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்" என்று விடப்பட்ட எண்ணெய், பத்துப் பதினைந்து வருட வண்டியில் கறுத்து நாறும். அதற்கென உள்ள சூப்பர்சார்ஜர் எண்ணெயை மட்டும் ஊற்றுங்கள். பழைய மினி கூப்பர் எஸ்-இல் முன்னும் பின்னும் இரண்டு எண்ணெய் அறைகள். வாட்டர் பம்பே சூப்பர்சார்ஜரின் பின்பக்கத்திலிருந்துதான் சுழல்கிறது. பின்னறை வறண்டால் வாட்டர் பம்பை ஓட்டும் பல்சக்கரம் தேய்ந்து எஞ்சின் கொதிக்கும். சிறிய புல்லி போட்டால் அந்த வாட்டர் பம்பும் சேர்ந்தே வேகமாகச் சுழலும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

6. புதிய புல்லியை ஓவன் அடுப்பில் சுமார் 120 டிகிரிக்குச் சூடாக்கி, பொருத்தும் கருவியால் ஒரே இழுப்பில் ஏற்றுங்கள். ஷாஃப்டைச் சூடாக்காதீர்கள், சீல் கருகும். எழுதி வைத்த தூரம் வந்ததும் நிறுத்துங்கள்.

7. நேர்ச்சட்டத்தைக் கிராங்க் புல்லியின் முகத்தில் வைத்துத் தளம் பாருங்கள். 1 மி.மீ. விலகினாலே பெல்ட் ஒரு பக்கம் ஏறி, விளிம்பு வரி கிழியத் தொடங்கும்.

பெல்ட்

பெல்ட்டின் மேலேயே அளவு அச்சிடப்பட்டிருக்கும். 6பிகே1370 என்றால் ஆறு வரி, 1,370 மி.மீ. நீளம். புல்லி விட்டம் 7 மி.மீ. குறைந்தால், பெல்ட் அதை அரைவட்டம் சுற்றுகிறது என்று கொண்டு, நீளம் சுமார் 11 மி.மீ. குறைய வேண்டும். பழைய பெல்ட்டையே மாட்டினால் டென்ஷனர் தன் எல்லையில் போய் நிற்கும். முழு த்ராட்டிலில் பிடிமானம் இருக்காது.

வழுக்கலைக் கண்டுபிடிப்பது எளிது. ஓட்டத்தின் எண்களைப் பதிவு செய்யும் டேட்டா லாகில் பூஸ்ட் 5,000 ஆர்பிஎம் வரை ஏறி, அதற்கு மேல் தட்டையாகும் அல்லது இறங்கும். பானட்டைத் திறந்தால் சூப்பர்சார்ஜர் மூக்கைச் சுற்றிக் கறுப்பு மாவு படிந்திருக்கும், விரலில் ஒட்டும். பெல்ட்டின் வரிகள் கண்ணாடி போல மின்னும். ஸ்ப்ரே அடித்து ஓட்டாதீர்கள். பெல்ட்டை மாற்றி, டென்ஷனர் ஸ்பிரிங்கைச் சோதித்து, தேவைப்பட்டால் பெல்ட் புல்லியைச் சுற்றும் கோணத்தைக் கூட்ட ஒரு ஐட்லர் (பெல்ட்டைத் திருப்பும் துணைச் சக்கரம்) சேர்ப்பதுதான் வழி.

கிராங்க் புல்லியைப் பெரிதாக்கலாமா?

விகிதம் அதேபோல ஏறும், மேல் புல்லி சிறிதாகாததால் பெல்ட் பிடிமானமும் நன்றாக இருக்கும். ஏஎம்ஜி 55 மாடல்களில் சூப்பர்சார்ஜர் புல்லியோடு காந்தக் கிளட்ச் சேர்ந்திருப்பதால், அங்கே பலரும் தேர்ந்தெடுப்பது இந்த வழியைத்தான். ஆனால் கிராங்க் புல்லி பல எஞ்சின்களில் அதிர்வைத் தாங்கும் டேம்பரும் ஆகும். அதைக் கழற்றி வெறும் அலுமினிய வட்டு போட்டால் கிராங்கின் முறுக்கு அதிர்வு பேரிங்குக்கும் ஆயில் பம்புக்கும் போகும். ரப்பர் டேம்பரோடு வரும் பெரிய புல்லி கிடைத்தால் மட்டும் யோசியுங்கள். ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர் ஒரே பெல்ட்டில் இருந்தால் அவையும் வேகமாகச் சுழலும்.

பீன்யாவில் கடைந்துகொள்ளலாமா?

பீன்யா தொழிற்பேட்டையில் திறமையான லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை. பழைய புல்லியைக் கையில் கொடுத்து "அண்ணே, இதே மாதிரி 7 எம்எம் சின்னதா" என்று சொன்னால் அழகாகக் கடைந்தும் கொடுத்துவிடுவார்கள். வடிவம் வந்துவிடும், கேட்காமல் விட்டவைதான் பின்னால் கடிக்கும். வரி இடைவெளி 3.56 மி.மீ., பள்ளத்தின் கோணம் 40 டிகிரி, உள்துளை ஷாஃப்டைவிட ஒரு மில்லிமீட்டரின் சில நூற்றில் பங்கு சிறிதாக இருக்க வேண்டும். 14,000 ஆர்பிஎம்மில் சுற்றும் பொருள் என்பதால் டைனமிக் பேலன்சிங் கட்டாயம். அலுமினியம் என்றால் கடின அனோடைசிங் செய்யாவிட்டால் பெல்ட் சில ஆயிரம் கிலோமீட்டரில் வரிகளைத் தின்றுவிடும். இத்தனையும் எழுத்தில் கொடுத்து, வந்ததை அளந்து பார்க்க முடியாது என்றால் பெயருள்ள தயாரிப்பாளரின் புல்லியை வாங்குவதே மலிவு.

சட்டமும் இன்சூரன்ஸும்

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. 182ஏ(4) பிரிவின்படி, மீறும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு ரூ. 5,000 அபராதம், அல்லது இரண்டும். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாத மாற்றம் கிளெய்ம் நேரத்தில் மறுப்புக்குக் காரணமாகும். பழையபடி மாற்ற வேண்டி வரலாம் என்பதால், கழற்றிய கம்பெனி புல்லியையும் பெல்ட்டையும் தூக்கிப் போடாதீர்கள்.

சமவெளிக்கு ஏற்ற டியூனிங்

முதலில் இன்டர்கூலர். இந்த வண்டிகளில் பெரும்பாலும் தண்ணீரால் குளிரும் வகை; அதற்குத் தனி மின்பம்ப் உண்டு. சாவியைத் திருப்பியதும் பம்ப் ஓடும் சத்தம் வருகிறதா, தண்ணீர் சுழல்கிறதா, காற்றுக் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். சில்க் போர்டு நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்த பிறகு இன்டேக் காற்று 65, 70 டிகிரி காட்டுவது சகஜம். சாலை திறந்து இரண்டு மூன்று நிமிடத்தில் அது இறங்க வேண்டும். இறங்காத வண்டிக்குப் புல்லி வேண்டாம், புதிய தண்ணீர் மின்பம்பும் அந்தத் தண்ணீரை ஆற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரும்தான் வேண்டும்.

அடுத்து, டியூனரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். பெங்களூரில் எட்டாத மேல் கட்டங்களில் இக்னிஷன் கோணத்தைத் தாராளமாகக் குறைத்து எழுதியிருக்க வேண்டும். இன்டேக் வெப்பம் 50 டிகிரி தாண்டினால் கோணம் தானாகக் குறையும் திருத்தம் இயங்க வேண்டும். ஈசியூ கட்டுப்படுத்தும் பைபாஸ் வால்வு உள்ள எஞ்சின் என்றால், முழு அழுத்தத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, அதற்கு மேலுள்ள காற்றைத் திருப்பிவிடச் சொல்லுங்கள். நம் உதாரண வண்டிக்கு 1.80 பார் என்று வைத்தால் பெங்களூரில் எதையும் இழக்க மாட்டீர்கள். சென்னையில் எஞ்சின் தப்பிக்கும்.

அதன் பிறகு லாகரை மாட்டியபடி கீழே இறங்குங்கள். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் டிராக் டே கிடைத்தால் அதைவிடப் பொருத்தமான இடமில்லை. கிட்டத்தட்ட கடல் மட்டம், பொதுச் சாலையும் இல்லை. முதலில் பாதி த்ராட்டில், பிறகு மூன்றாவது கியரில் 3,000-லிருந்து 5,000 வரை, அப்புறம்தான் ரெட்லைன். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் மேனிஃபோல்ட் அழுத்தம், இன்டேக் வெப்பம், லாம்டா, சிலிண்டர் வாரியாக நாக் பின்தள்ளல் ஆகிய நான்கையும் பாருங்கள். ஏதாவது ஒரு சிலிண்டரில் பின்தள்ளல் 3 டிகிரியைத் தாண்டி அடுத்தடுத்த ஓட்டங்களிலும் திரும்ப வந்தால் அன்றைக்கு அத்துடன் நிறுத்திவிட்டு, மேப்பில் இக்னிஷனை 2 டிகிரி இறக்கி மறுபடி பாருங்கள். அப்படியும் அடங்கவில்லை என்றால் 68-ஐக் கழற்றி 71 போடுங்கள்.